ஐந்தாவது ஆளாக என்னைச் சேர்த்த அண்ணன்

அண்ணனின் முதலாண்டு நினைவுக்காக அச்சிட்ட இந்த மலரைத் திருப்பலி முடிந்து பந்தி போடும் வரை உள்ள இடைவெளியில்தான் புரட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எனவே சாம்பார் வரும்வரை தாங்கினால் போதும் என்று என் மனைவி அளவு சொல்லிவிட்டாள். கூடவே இரண்டு நிபந்தனைகள். அண்ணனின் கல்லூரிப் பட்டப்பெயர்கள் எதையும் எழுதக் கூடாது. யாரையும் சிரிக்க வைக்கக் கூடாது. முதலாவதைக் காப்பாற்றிவிடுவேன். இரண்டாவது என் கையில் இல்லை. பயம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும், எனக்கு வாய் திறந்துகொள்ளும். அண்ணனின் நல்லடக்கத்தன்று நான் பேசிய பேச்சுக்காக இன்னும் முகம் கொடுக்காத உறவினர்கள் இந்தப் பந்தியிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் வணக்கம்.

அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் எங்கள் அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஒண்டியாவே இருந்தான், ஒண்டியாவே பூட்டான்" என்றார்.

"ஒண்டின்னு எப்படி அத்த சொல்ற? பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவருக்கு எந்நேரமும் அறுபது பேரு கூட இருந்தாங்களே" என்றேன்.

அத்தை அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. அவர் சொன்னது மட்டும் ஓராண்டாக எனக்குள் பேசிக்கொண்டே இருக்கிறது. அண்ணன் தனியாக இருந்தார் என்பதை மறுக்க முடியாது. தனியாகத்தான் போனாரா என்பதற்கு அன்றைக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

செஞ்சிப் பக்கம் வல்லத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கிப் பிழைத்தவர்கள். அப்பாவுக்கு விழுப்புரம் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்ததும் தட்டுமுட்டுச் சாமான்களோடு விழுப்புரம் வந்து சேர்ந்தோம். வந்த வருடத்திலிருந்து அண்ணன் வளரத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. கேப்பைக் கூழில் இவ்வளவு உயரம் வருமா என்று தெருவே வியந்தது. எல்லா வீட்டிலும் அண்ணன் போட்ட உடை தம்பிக்கு வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. அண்ணனுக்கு முழங்கால் தெரிந்த அரைக்கால் சட்டை எனக்குக் கணுக்கால்வரை வந்தது. கடைசியில் ஆறடி நான்கு அங்குலத்தில் வந்து நின்றார். எங்கள் வாடகை வீட்டு நிலைப்படி ஐந்தரை அடி. அண்ணன் நெற்றியில் இருந்த வடு கூடைப்பந்தில் வாங்கியது என்று அவருடைய சகாக்கள் சொல்லித் திரிவார்கள். அது எங்கள் வீட்டு நிலைப்படி கொடுத்தது.

1993இல் விழுப்புரத்திலேயே கல்லூரியில் சேர்ந்தார். சேர்க்கைக்கு வரிசையில் நின்றபோது, மற்ற தலைகளுக்கு மேலே ஒரு தலை தனியாகத் தெரிவதைப் பார்த்து உடற்பயிற்சி ஆசிரியர் கிட்டே வந்தாராம்.

"பந்து புடிச்சிருக்கியாப்பா?"

"மல்லாட்ட மூட்டதான் சார் புடிச்சிருக்கேன்."

"அதவிட இது லேசு. நாளைக்கிக் காலையில வந்துடு."

அந்தக் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணியில் பெயர் சொல்லும்படி ஆடியவர்கள் யார் என்று இன்றைக்கும் விழுப்புரத்தில் கேட்டால் மூன்று பேரைச் சொல்வார்கள். எட்ட நின்று வீசினாலும் வளையத்தைத் தொடாமல் உள்ளே விழச் செய்யும் செல்வராஜ். எதிரியின் கையிலிருக்கும் பந்தை, அவருக்கே சற்றுத் தாமதமாகத் தெரியும்படி, பிடுங்கிக்கொண்டு ஓடும் அன்வர். வளையத்தின் கீழே நின்று, யார் தவறவிட்ட பந்தையும் வானத்திலேயே வாங்கிக்கொள்ளும் எங்கள் அண்ணன். வெளியே கூன் போட்டு நடந்த அண்ணன், சிமெண்டுத் தளத்தில் கால் வைத்ததும் முதுகை நேராக்கிக்கொள்வார். அங்கே நிலைப்படி கிடையாது. மேலே வெறும் ஆகாயம்தான்.

இரண்டு வருடம் கழித்து நானும் அதே கல்லூரியில் சேர்ந்தேன். அணியில் எனக்கும் பொறுப்பு இருந்தது. தண்ணீர்க் குடம், துணிப்பைகள், நகைச்சுவை.

அண்ணன் கடைசி வருடம் படித்தபோது திண்டிவனத்தில் ஒரு போட்டி. போக்குவரத்துக் கழக அணிக்கு ஆள் எடுக்க ஓர் அதிகாரி வருகிறார், உயரமான பையனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார் என்று செய்தி வந்தது. அப்பாவுக்கு அப்போதே முதுகு விட்டுப்போயிருந்தது. அண்ணனுக்கு அந்த வேலை கிடைத்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். கிளம்பும் நாளில் அணியில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை. மாற்று ஆட்டக்காரர்களுக்குச் செய்முறைத் தேர்வு. பேருந்தில் எண்ணிப் பார்த்தால் நான்கு பேர், ஒரு தண்ணீர்க் குடம், நான்.

ஐந்து பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, எனக்குப் பந்தத் தட்டிக்கினு ஓடவே வராதுண்ணா."

"ஒனக்கு இன்னாதான் வரும்?"

"வாந்தி வரும்போல இருக்குது."

"எடுத்துட்டு வந்து ஆடு."

ஆடினேன். எதிரணி ஓர் ஆலையில் வேலை செய்பவர்கள். மீசை வைத்த பெரிய மனிதர்கள். அவர்களில் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். தடுக்கிறேன் என்று பார்ப்பவர்கள் நினைத்திருக்கலாம். உண்மையில் அது ஆறுதல் தேடுவது. நடுவர் ஒவ்வொரு முறையும் விசில் ஊதி எனக்கு ஒரு ஃபவுல் எழுதினார். நான்கு ஆயிற்று. ஐந்தானால் வெளியே போக வேண்டும்.

எனக்கு முன்னால் மற்றவர்கள் போனார்கள். பந்து பிடுங்கிய வேகத்தில் ஐந்து ஃபவுல் வாங்கி அன்வர் போனார். அடுத்து முதலாண்டுப் பையன் ஒருவன். பிறகு செல்வராஜ் குதித்து இறங்கும்போது கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டு ஓரத்தில் போய் உட்கார்ந்தார். தளத்தில் எங்கள் அம்மா பெற்ற இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். அதிகாரி இன்னும் வரவில்லை.

நடுவர் அண்ணனிடம் வந்து விதியைச் சொன்னார். இரண்டு பேர் இருக்கும்வரை ஆட்டம் நடக்கும். ஒருவர்தான் என்றால் அத்தோடு முடிந்தது, தோல்வி.

அண்ணன் என் தோளில் கை வைத்து, முதுகை வளைத்து, என் காதருகே வந்தார்.

"நீ ஆடவே வாணாம். யாரையும் கட்டிப் புடிக்காத. அவனுங்க கூடை போட்டானுங்கன்னா, கோட்டுக்கு வெளிய நின்னு எங்கிட்டப் பந்தப் போடு. அவ்ளோதான்."

"எல்லாரும் மறைப்பானுங்களேண்ணா, எப்படிப் போடறது?"

"மேல போடு. மேல நான் மட்டும்தாண்டா இருக்கேன்."

நான் இரண்டு கைகளையும் பனியனுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். வெளியே இருந்தால் அவை யாரையாவது தழுவிவிடும் என்று பயம். ஆலைக்காரர் ஒருவர் என்னைக் கடந்து ஓடும்போது, "இன்னா தம்பி, போட்டோக்கு நின்னுக்கினு இருக்கியா?" என்று கேட்டார். "ஆமாண்ணா, நீங்க கொஞ்சம் தள்ளினா நல்லா விழும்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்து பந்து கையைவிட்டு நழுவியது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டார். நான் கூடைப்பந்துக்குச் செய்த ஒரே தொண்டு அது.

அந்த நேரத்தில்தான் அதிகாரி வந்து சேர்ந்தார். தளத்தில் ஐந்து பேருக்கு எதிரே ஓர் உயரமான இளைஞர் தனியாகப் பந்தைக் கொண்டுபோவதையும், இந்தக் கோடியில் கையில்லாத ஒருவன் நிற்பதையும் பார்த்திருக்கிறார். நாங்கள் நன்றாகத் தோற்றோம். ஆனால் கடைசி விசில் வரை ஆடித் தோற்றோம். அதிகாரி அண்ணனிடம் வந்து முகவரி கேட்டார். என்னைக் காட்டி, "இந்தத் தம்பிக்கு கைல இன்னா அடி?" என்றும் விசாரித்தார். "பயம் சார்" என்றார் அண்ணன்.

வேலை கிடைத்தது. சில வருடம் கழக அணிக்கு ஆடினார். பிறகு அந்த அணி கலைந்தது. அண்ணன் முழுநேர நடத்துநரானார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஊர்ஊராக நின்று போகும் பேருந்து. அதன் கூரை அண்ணனுக்காகக் கட்டியது அல்ல. காலை முதல் இரவு வரை கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, முதுகை மடக்கி, கம்பிகளுக்கு இடையில் அவர் நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை நானே பின்னிருக்கையில் இருந்தேன். பூக்கூடையோடு ஏறிய அம்மா ஒருவர், "இவ்ளோ பெரிய ஆளு, குனிஞ்சி குனிஞ்சி பேசுறியேப்பா, இன்னா மரியாத" என்றார்.

"மரியாத இல்லம்மா, கூரை" என்றார் அண்ணன்.

அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் நகைச்சுவை முழுவதும் எனக்கே வந்துவிட்டது.

திருமணத்துக்குப் பார்த்தோம். புதுச்சேரிப் பக்கம் இரும்பை என்ற ஊரில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது, அண்ணன் நுழைந்த வேகத்தில் நிலைப்படியில் இடித்துக்கொண்டு நெற்றியைப் பிடித்தபடி பாயில் உட்கார்ந்தார். பெண் காபி கொண்டுவந்தார். அண்ணன் மரியாதைக்கு எழுந்தார். அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தார், காபி என் மேல் கொட்டியது. பெண்ணின் மாமா வெளியே வந்து, "புள்ள தங்கமான புள்ளதாங்க. ஆனா பொண்ணு காலம் பூரா அண்ணாந்துக்கினே இருக்க முடியாதுங்களே" என்றார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு இடங்கள். அப்புறம் அண்ணனே, "உடுடா, பேஜாரு" என்று நிறுத்திக்கொண்டார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். நான் விழுப்புரத்தில் இருசக்கர வண்டி உதிரிபாகக் கடை போட்டு, கல்யாணம் செய்துகொண்டு, குடும்பஸ்தனானேன். எங்களோடு வந்து இருங்கள் என்று என் மனைவி எத்தனையோ தடவை கூப்பிட்டாள். "ஒங்க வீட்டு ஃபேன் தாழ்வா இருக்குதும்மா" என்பார். திண்டிவனத்தில் பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை வீட்டிலேயே இருந்துவிட்டார்.

செல்வராஜுக்கு ரயில்வேயில் வேலை, சென்னை. அன்வர் காவல் துறையில், மாற்றலாகி மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஒரு முறை சந்தித்தவர்கள், பிறகு தொலைபேசியில் பேசினார்கள், பிறகு பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டார்கள். யார்மேலும் குற்றமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் திண்டிவனம் போனேன். வீடு பூட்டியிருந்தது. பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மாதா கோயிலை ஒட்டிய பள்ளி மைதானத்தில் அண்ணன் இருப்பார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இருந்தார். தனியாகப் பந்தை வீசிக்கொண்டிருந்தார். ஐந்து பேர் ஆட வேண்டியதை ஒருவர் ஆடினால் பாதி நேரம் பந்தின் பின்னால் நடப்பதிலேயே போய்விடும். வீசுவார். பந்து உள்ளே விழுந்து, உருண்டு, மைதானத்தின் கோடிக்குப் போகும். அண்ணன் மெதுவாக நடந்து போய் எடுப்பார். திரும்பி வந்து, கோட்டில் கால் வைத்து, நிமிர்ந்து, மறுபடி வீசுவார். நான் சுவரோரம் நின்றேன். எத்தனை பந்து உள்ளே விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவரே பார்த்துவிட்டார். "எப்போ வந்த?"

"இப்பத்தாண்ணா."

"வந்தவன் பந்த எடுத்துப் போட வேண்டியதுதான?"

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் காலை ரயிலில் போனேன். அவர் வீச, நான் பொறுக்கிப் போடுவேன். இரண்டு பேரும் அதிகம் பேசியதில்லை. சரியாகச் சொன்னால், அவர் பேசியதில்லை. நான் வாரம் முழுவதும் கடையில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே பந்து பொறுக்குவேன். அண்ணன் சிரிக்கவே மாட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "ம்" போடுவார். அந்த "ம்"மை வாங்குவதற்காகத்தான் நான் விழுப்புரத்திலிருந்து ரயில் ஏறினேன் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு கால் வீங்கியது. நின்று நின்று வேலை செய்வதால் என்று அவரே முடிவு செய்துகொண்டார். நான் பந்து பொறுக்கிய நேரத்தில் அவர் தளத்திலேயே உட்கார்ந்துவிட்ட அன்றுதான் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்றார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு நான் மருத்துவரிடம், "சார், ஸ்பேர் பார்ட்ஸ் கடைதான் வெச்சிருக்கேன், ஆனா இந்த அயிட்டம் வர்றதில்ல" என்று சொல்லியிருக்கிறேன். அண்ணன்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். "பயந்துட்டான் சார், தப்பா எடுத்துக்காதீங்க." என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிறகு ஒழுங்காகவும் சொன்னேன். சோதித்துப் பார்த்தார்கள். பொருந்தவில்லை.

புதுச்சேரியில் இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் இரு முறை போனோம். கட்டில் நீளம் பற்றாமல் ஒரு முக்காலியைப் போட்டுக் காலை அதன் மேல் வைத்துக்கொள்வார். மல்லாட்டை சாப்பிடக் கூடாது என்று சொன்னபோதுதான் அண்ணன் முகம் வாடி நான் பார்த்தேன். "மல்லாட்ட ஊர்ல பொறந்தவன்கிட்டப் போயி சொல்றாங்க பாரு" என்றார். நோயைப் பற்றி அவர் சொன்ன ஒரே குறை அதுதான்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு வந்துவிட்டேன். சாம்பார் வந்திருந்தால் இலையைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

விடுப்புப் போட்டு வந்து எத்தனையோ முறை தன் காரில் அண்ணனைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போன அன்வர் அண்ணனுக்கு நன்றி. அண்ணனின் சிறுநீரகம் கெட்டுப்போனதாகத் தெரிந்த அன்றே சென்னையிலிருந்து வந்து, கதவருகில் நின்று அழுதுவிட்டு, உள்ளே போய் ஒன்றும் தெரியாதவர்போல் பழைய ஆட்டங்களைப் பேசிய செல்வராஜ் அண்ணனுக்கு நன்றி. பணிநேரத்தை மாற்றிக்கொடுத்த பணிமனைத் தோழர்களுக்கும், அண்ணனுக்கென்று உப்பில்லாமல் தனிச் சமையல் செய்து, அதையே தானும் சாப்பிட்ட என் மனைவிக்கும் நன்றி.

திண்டிவனத்தில் சவப்பெட்டி செய்பவருக்கும் நன்றி. தயாராக இருந்த பெட்டிகள் எதுவும் அண்ணனுக்குப் போதவில்லை. "கால கொஞ்சம் மடக்கி வெச்சிக்கலாமா சார்?" என்று அவர் தயங்கிக் கேட்டார். செல்வராஜ் அண்ணன்தான், "இத்தினி வருசம் பஸ்ஸுல மடங்கினான். போதும்" என்றார். பெட்டிக்காரர் உடனே பலகையை அறுக்கத் தொடங்கினார். மாலைக்குள் புதிதாகச் செய்துகொடுத்தார். அதில் அண்ணன் நேராகப் படுத்தார்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. மருத்துவமனையில் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர்.

அண்ணனின் கடைசி நாள் காலை மருத்துவர் என்னை வெளியே அழைத்து, இதயம் மிகவும் பலவீனமாக இருக்கிறது என்றார். உள்ளே திரும்பியவன், அண்ணன் என் முகத்தைப் படித்துவிடக் கூடாது என்று உட்காரும் முன்பே பேசத் தொடங்கிவிட்டேன். மண்டகப்பட்டுக்காரர் ஒருவர் கடைக்கு வந்த கதை. அவர் வீட்டு எருமை தெருவை அடைத்துப் படுத்துக்கொள்கிறது. எந்த ஹாரனுக்கும் எழுந்திருப்பதில்லை. வேறு சத்தத்தில் ஹாரன் வேண்டும் என்று கேட்கிறார். நான் ஒவ்வொரு ஹாரனாக எடுத்து அவருக்கு அடித்துக் காட்டுகிறேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்றார். நான் ஹாரன்களை வாயாலேயே அடித்துக் காட்டினேன். பயத்தில் இல்லாத ஹாரன்களை எல்லாம் சேர்த்துக்கொண்டேன். கதை நீண்டது. "ம்" வருகிறதா என்று கவனிக்கவில்லை. நிறுத்தினால் அண்ணன் ஏதாவது கேட்டுவிடுவார் என்று நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தேன்.

செவிலியர் வந்து இயந்திரத்தைப் பார்த்தார். அண்ணன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். திரையை இழுத்து மூடினார். மற்றவர்கள் ஓடி வந்தார்கள், என்னைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் அந்தச் செவிலியர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டாருங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார்.

பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு அது காதில் விழவில்லை. அவர் தலையைத் தூக்கி, "அப்பறம் இன்னா ஆச்சிப்பா? எரும எழுந்துச்சா?" என்று கேட்டார்.

நான் திரையைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொன்னேன். எந்த ஹாரனும் சரிப்படவில்லை. கடைசியில் அந்த ஆள், "ஹாரன் வாணாங்க, ஒங்க அண்ணன் வெச்சிருக்கிற விசிலு ஒன்னு கெடைக்குமா? அவரு பஸ்ஸு எங்க ஊரு வழியா வர்றப்போ ஒரு விசிலு குடுத்தா எரும எழுந்து நிக்குது. ரெண்டு விசிலு குடுத்தாத்தான் கெளம்புது" என்றார்.

பெரியவர் இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் அவருக்கு நன்றி.

அத்தை, அண்ணன் தனியாகப் போகவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன், பேசிக்கொண்டுதான் இருந்தேன். எந்த ஹாரன் வரைக்கும் கேட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.